பெயரின் அரசியல்: மோகன் பகானை முன்வைத்து

கோஷ்டிச் சண்டை என்றதும் நமக்கு ஆட்கள்தான் தெரிகிறார்கள். யார் யாரைக் கவிழ்த்தார், யார் விலைபோனார் என்கிற விசாரணையோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது. கல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்து கிளப் பற்றிய பேச்சும் இப்படித்தான். 2018இல் நீண்டகாலக் கூட்டாளிகளான டுட்டு போஸும் அஞ்சன் மித்ராவும் எதிரெதிர் அணிகளானதைத் துரோகக் கதையாகவே சொன்னார்கள். இந்தக் கதையாடல் எதை மறைக்கிறது? கோஷ்டிகள் சண்டையே போடாமல் ஒத்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் மறைக்கிறது.

1911இல் வெள்ளை ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்ற கிளப் இது. 2020 ஜனவரியில் அதன் கால்பந்துப் பிரிவின் 80 சதவீதம் சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்துக்குப் போனது. பெயர் 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆயிற்று. 2014இல் தொடங்கிய 'அத்லெடிகோ டி கொல்கத்தா'வின் மிச்சம்தான் இந்த மூன்றெழுத்து. மாட்ரிட் கிளப்போடு இருந்த உறவு 2017இலேயே முறிந்துவிட்டது. குறிப்பீடு செத்த பிறகும் குறிப்பான் உயிரோடிருந்தது. ஏ.டி.கே.யை எடு என்று ரசிகர்கள் விடாமல் போராடினார்கள். 2023 மார்ச்சில் கோவாவில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அன்று கோயங்கா இறங்கிவந்தார். ஏ.டி.கே. போனது. வந்தது 'சூப்பர் ஜயண்ட்'. அவருடைய லக்னோ கிரிக்கெட் அணியின் வணிக அடையாளம் அது. முன்வாசலில் துரத்தியது கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்பத்தூர்க்காரனான எனக்குக் கோயங்கா என்ற பெயர் கால்பந்து வழியாக வந்ததில்லை. 1984இல் சஞ்சீவின் தந்தை ஆர்.பி. கோயங்காவும் மனு சாப்ரியாவும் சேர்ந்துதான் டன்லப்பைக் கைப்பற்றினார்கள். வங்காளத்தில் சாகாகஞ்ச், இங்கே அம்பத்தூர் என்று இரண்டு டயர் ஆலைகள். பிறகு இரண்டு முதலாளிகளுக்கும் முட்டிக்கொண்டது, கம்பெனி சாப்ரியா பக்கம் போனது. 2005இல் ருயா வாங்கினார். டயர் செய்தவர்களுக்கு இந்தப் பேரம் நடந்த அறைகளில் நாற்காலி கிடையாது. ஆலை ஓய்ந்த பிறகும் பஸ் ஸ்டாப்புக்கு டன்லப் என்றே பேர்.

தொழிலாளியும் ரசிகனும் ஒன்றில்லை. ஒருவன் கூலி வாங்குகிறான், இன்னொருவன் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறான். ஆனால் பெயருக்கு மதிப்பை ஏற்றுபவர்கள் இவர்கள்தான். அதை விற்கவோ மாற்றவோ உரிமை இல்லாதவர்களும் இவர்கள்தான்.

கிளப் உறுப்பினருக்கு ஓட்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மீதி 20 சதவீதத்தை யார் ஆள்வது என்பதற்கு. பெரும்பான்மை வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது. 2025 ஜூனில் அந்த ஓட்டுக்கும் வேலையில்லாமல் போனது. மோதிக்கொண்டிருந்த சிருஞ்சய் போஸ் செயலாளரானார், தேபாஷிஷ் தத்தா தலைவரானார். சமரசம் முடிந்தது, வாக்குப்பெட்டி தேவைப்படவில்லை.

எதிர்முகாமான ஈஸ்ட் பெங்காலில் கதை வேறு மாதிரி தெரியலாம். ஸ்ரீ சிமெண்டோடு இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட நிர்வாகிகள் மறுத்தார்கள், உறுப்பினர் உரிமை பறிபோகும் என்றார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் 2021 ஜூலை 21 அன்று கிளப் வாசலில் திரண்ட ரசிகர்களும் இரண்டாகப் பிரிந்தே நின்றார்கள். போலீஸ் தடியடி அவர்கள்மேல் விழுந்தது. உரிமை பேசிய நிர்வாகிகள் மேலல்ல. 2022இல் ஸ்ரீ சிமெண்ட் போய் இமாமி வந்தது.

ஜெர்மனியில் 1998 முதல் 50+1 என்றொரு விதி உண்டு. கால்பந்துப் பிரிவைக் கம்பெனியாக்கினாலும் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர் சங்கத்திடம் இருந்தாக வேண்டும். அங்கேயும் சில கிளப்புகளுக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள், சிலர் சூழ்ச்சியாகச் சுற்றிவளைத்தார்கள். அது ஒன்றும் சொர்க்கமில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நல்ல முதலாளி யார், நல்ல கோஷ்டி எது என்று அது கேட்கவில்லை. ஓட்டு யாரிடம் என்று கேட்கிறது.

மூன்றெழுத்தை அகற்ற மூன்று வருஷம் போராடிய ரசிகர்களின் வலிமையை நான் குறைத்துப் பேசவில்லை. இந்தியக் கால்பந்தில் ஒரு முதலாளியைப் பின்வாங்க வைத்தது சின்னக் காரியமில்லை. அந்த வலிமை ஏன் பெயர்ப்பலகையோடு நின்றது, பங்குப் பத்திரம் வரை ஏன் போகவில்லை என்பதைத்தான் நாம் விவாதிக்க வேண்டும்.