மணிமேகலையின் துறவு

மணிமேகலையின் கதையை நம் இல்லங்களில் சிறுவர்க்குச் சொல்லும்போது, அமுதசுரபியில் தொடங்கி அமுதசுரபியிலேயே முடித்துவிடுகிறோம். ஆசையே அறியாத தெய்வமகள் ஒருத்தி பசித்தோர்க்கு அன்னம் வழங்கினாள் என்பதே நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். சீத்தலைச் சாத்தனார் படைத்த மணிமேகலை அத்தகையவள் அல்லள்.

உவவனத்தில் மலர் கொய்யச் சென்றவளை உதயகுமரன் தொடர்கிறான். அவள் பளிக்கறையுள் புகுந்து தப்புகிறாள். அவன் அகன்றபின், தன்னை விலைமகள் என இகழ்ந்த அவன் பின்னேயே தன் நெஞ்சம் சென்றதெனச் சுதமதியிடம் கூறுகிறாள். காமத்தின் இயல்பு இதுவாயின் அது கெடட்டும் என்றும் சொல்கிறாள். உள்ளதை மறைக்காத இந்நேர்மையே அவள் துறவின் முதற்படி. விருப்பமே எழாத நெஞ்சுக்குத் துறப்பதற்கு என்ன உண்டு?

முற்பிறப்பில் உதயகுமரன் அவள் கணவன் இராகுலன் எனக் காப்பியம் பின்னர் விளக்குகிறது. பௌத்தரின் வினைக்கோட்பாட்டுக்கு இது இசைந்ததே. ஆயினும், இளநெஞ்சின் இயல்பான சலனத்துக்குப் பழவினையைக் காரணமாக்கியதால் உவவனக் காட்சியின் கூர்மை சற்றே மழுங்குகிறது என்று கருதுகிறோம். எனினும், அவன் காஞ்சனன் வாளுக்கு இரையானபோது அவளை அழவைத்த புலவரின் துணிவு போற்றத்தக்கது.

பிரமசரியம் என்றதும் இழப்பையே எண்ணுகிறோம். கணிகையர் குலத்தில் பிறந்தவளுக்கு அதுவே உரிமை. பாட்டி சித்திராபதி அவளைக் குலத்தொழிலுக்கு மீட்க விழைந்து அரசகுமாரனைத் தூண்டுகிறாள். தன் உடல் விலைப்பொருள் அன்று என்று கூற, அவளுக்குத் துறவன்றி வேறு வழி ஏது? அத்துறவும் முதலில் தாய் மாதவி விதித்ததே. உவவனம் முதல் காஞ்சி வரை நடந்த நீண்ட பயணத்தில் மகள் அதைத் தனதாக்கிக் கொள்கிறாள்.

புலன்களை அடக்கியதோடு அவள் நின்றுவிடவில்லை. காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அரசனிடம் வேண்டிப் பெறுகிறாள். ஒருவன்பால் செல்லவிருந்த அன்பு ஊர் முழுமைக்கும் உரியதாகிறது. பிரமசரியத்தின் பொருளும் பயனும் இதுவே என்போம்.

இனி நம் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கால், அவள் நெஞ்சம் தடுமாறிய இடத்தையும் விடாது சொல்வோமாக.