127 டிகிரி!

என் காரின் டிஃபரன்ஷியல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்! ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தெரியும், தலையைத் திருப்பாமலே தெரியும், டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஜம்மென்று தெரியும்! பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், கேட்காதவர்களையும் பிடித்து நிறுத்திச் சொல்கிறேன். இன்று நீங்கள் கிடைத்தீர்கள், உட்காருங்கள்.

கார் நிஸான் 370 இசட். கலிஃபோர்னியாவுக்கு வேலைக்கு வந்து, நாலு காசு சேர்ந்ததும் வாங்கினேன். 3.7 லிட்டர் வி6 என்ஜின், 332 குதிரைசக்தி, 7500 ஆர்பிஎம் வரை சீறும், பின்சக்கரங்கள்தான் தள்ளும். உள்ளே உட்கார்ந்தால் டேஷ்போர்டின் உச்சியில் மூன்று வட்ட மீட்டர்கள் ஓட்டுபவரைப் பார்த்து வரிசையாக நிற்கும். 1969-இல் வந்த முதல் இசட் காரிலிருந்தே அந்தக் குடும்பத்தின் அடையாளம் அது. என் காரில் முதல் வட்டத்தில் என்ஜின் ஆயிலின் சூடு, அடுத்ததில் பேட்டரியின் வோல்ட், மூன்றாவதில் மணி. ஆம், வெறும் மணி! அவ்வளவு அருமையான இடத்தில்! பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும்.

ஏனென்றால் பின்னால் டிஃபரன்ஷியல் என்று ஒருவன் சத்தமில்லாமல் வெந்துகொண்டிருக்கிறான். என்ஜினின் அத்தனை பலமும் நீளத் தண்டு வழியாகப் பின்னால் ஓடி, கிரவுன்-பினியனில் போய் மோதி, செங்கோணத்தில் திரும்பித்தான் சக்கரத்துக்குப் போகிறது. பினியன் கிரவுன் சக்கரத்தின் நடுவுக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளியே அமைந்திருக்கும், அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று சறுக்கவும் செய்யும். சறுக்கினால் உராய்வு, உராய்ந்தால் சூடு. அந்தச் சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ள அங்கே இருப்பது சுமார் 1.4 லிட்டர் கியர் ஆயில், அவ்வளவுதான்! போதாததற்கு என் காரில் விஸ்கஸ் வகை லிமிடெட் ஸ்லிப். உள்ளே அடுக்கடுக்காகத் தகடுகள், நடுவில் கெட்டியான சிலிகான் திரவம். ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றத் தொடங்கினால் அந்தத் திரவம் கடைபட்டு, தகடுகளை இழுத்துப் பிடித்து, அடுத்த சக்கரத்துக்கும் பலத்தைக் கொடுக்கும். கடைபடும்போது அதுவும் சூடாகும், சூடேற ஏற இளகி, பிடியும் தளரும். இவ்வளவும் நடக்கிறது, ஓட்டுகிற எனக்கு ஒரு தகவலும் இல்லை!

ஒருநாள் நண்பர் ஒருவரின் ஆர்35 ஜிடிஆரில் உட்கார்ந்தேன். கிரான் டூரிஸ்மோ விளையாட்டைச் செய்த பாலிஃபோனி டிஜிட்டல் வடிவமைத்த திரை அது. கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு வரை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டியது. வண்டியை விட்டு இறங்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். என் காருக்கும் வேண்டும், அதுவும் பின்னால் ஒட்டவைத்த பொருள் மாதிரி இல்லாமல், தொழிற்சாலையில் பிறந்தபோதே கூடப் பிறந்தது மாதிரி வேண்டும். கண்ணாடிக் கம்பத்தில் தனி மீட்டரைத் திருகி, வயரைத் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும், எனக்கு அது ஒத்துவராது.

சென்சார் வந்து சேர்ந்த நாளைச் சொல்லியே ஆக வேண்டும். கார்க் கம்பெனிகளே பயன்படுத்துகிற பாஷ் சென்சார், 12 மில்லிமீட்டர் மரை, பித்தளை உடம்பு, 19 நம்பர் ஸ்பேனர் உட்காரும் அறுகோணத் தலை. உள்ளங்கையில் வைத்தால் அந்தக் கனமே ஒரு சந்தோஷம்! உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். 20 டிகிரியில் 2500 ஓம். கொதிக்கிற தண்ணீரில் 190-ஐக்கூடத் தொடாது. புத்தகத்தில் இருந்தால் போதுமா, கண்ணால் பார்க்க வேண்டாமா? அடுப்பில் பாத்திரத்தை ஏற்றி, மல்ட்டிமீட்டரைப் பக்கத்தில் வைத்து, சென்சாரின் நுனியைத் தண்ணீரில் தொங்கவிட்டேன். “ஏங்க, அது டீ போடுற பாத்திரம்!” என்றாள் மனைவி. “புது சென்சார்ம்மா, இன்னும் ஆயில் படவே இல்ல, வந்து பாரேன்!” என்று அவளையும் இழுத்து நிறுத்தினேன். 1000, 600, 400, 250 என்று எண் சரிகிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 187! அட்டவணையில் போட்டிருந்தது அப்படியே! அப்புறம் ஐஸ் கட்டிகள் மிதக்கும் டம்ளரில் போட்டேன், 5900-க்குப் பக்கத்தில் போய் நின்றது. அவளும் சிரித்துவிட்டாள், நான் அடுக்களையிலேயே குதித்தேன்.

இனி வண்டி. ரேம்பில் ஏற்றி, ஆயிலை வடித்து, டிஃபரன்ஷியலை ஜாக்கில் தாங்கிக்கொண்டு பின்மூடியைக் கழற்றினோம். பழைய கியர் ஆயிலின் வாசனை தெரியுமா உங்களுக்கு? கந்தகமும் கருகலும் சேர்ந்த அந்த நெடி! பற்களைக் காக்க அதில் சேர்க்கிற கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். சட்டையில் பட்டால் எத்தனை தோய்த்தாலும் போகாது, எனக்கோ அது ஊதுபத்தி! சென்சார் உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மொத்த சூட்சுமமும். நுனி எப்போதும் ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும், அதனால் ஆயில் ஊற்றும் துளையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அடியிலேயே வைத்தால் பற்கள் தேய்ந்து விழும் இரும்புத்தூள் வந்து படியும். கிரவுன் சக்கரத்துக்கு இடிக்கவும் கூடாது. மூடியின் உட்புறத்தில் களிமண்ணை அப்பி, மூடி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மறுபடி கழற்றி, களிமண்ணில் பதிந்த தடத்தை அளந்துதான் இடத்தைக் குறித்தோம். பக்கத்து ஊர் வெல்டர் அலுமினிய மூடியில் டிக் வெல்டிங்கால் ஒரு தடித்த வளையத்தை வைத்துக் கொடுத்தார். அந்த வெல்டிங் கோட்டைப் பார்க்க வேண்டுமே, அடுக்கிவைத்த செதில் மாதிரி ஒரே சீராக! மரை வெட்டி, செம்பு வாஷர் போட்டு, சென்சாரைத் திருகினால், அங்கேயே முளைத்தது போல உட்கார்ந்துவிட்டது. இரண்டு பின் கனெக்டரைச் செருகினேன். ‘சொடக்!’ அந்த ஒரு சத்தத்துக்காகவே இதை நீங்களும் செய்து பார்க்க வேண்டும், சத்தியமாகச் சொல்கிறேன்.

வயரை முறுக்கி இரட்டையாக்கி, கார்க் கம்பெனிக்காரர்கள் சுற்றுகிற அதே கறுப்புத் துணி டேப்பைச் சுற்றி, ஏற்கெனவே ஓடும் வயரிங்கோடு சேர்த்துக் கட்டி, ரப்பர் வளையம் வழியாக டிக்கிக்குள் ஏற்றி, கம்பளத்துக்கு அடியிலேயே முன்னால் கொண்டுவந்தேன். மணி இருந்த வட்டத்துக்குள் ஒரு குட்டி வட்டத் திரை, பின்னால் விரல்நகம் அளவு மைக்ரோகன்ட்ரோலர். 5 வோல்ட்டை 1000 ஓம் தடை வழியாக சென்சாருக்குக் கொடுத்து, நடுவில் நிற்கும் வோல்ட்டைப் படிக்க வேண்டியதுதான். 20 டிகிரியில் 3.57 வோல்ட் வரும், 100 டிகிரியில் 0.8-க்கும் கீழே போய்விடும். எழுத்தின் ஆரஞ்சு நிறம் பக்கத்து மீட்டர்களின் ஆரஞ்சோடு ஒத்துப்போகும்வரை இரவில் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். முகப்பு விளக்கைப் போட்டால் மற்ற மீட்டர்களோடு சேர்ந்து இதுவும் மங்குகிறது, அய்யோ, அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது!

இப்போது என்னோடு வாருங்கள், லகூனா செக்காவுக்கு. மான்டெரே பக்கம், கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவரும் மலைச்சரிவில், 1957-இலிருந்து கார்கள் உறுமிக்கொண்டிருக்கும் ஓட்டப்பாதை. ஒரு சுற்று சுமார் 3.6 கிலோமீட்டர், 11 வளைவுகள். நினைத்துப் பாருங்கள், காலைக் குளிர், மூச்சு விட்டால் ஆவி பறக்கிறது, ஹெல்மெட்டுக்குள் காது அடைத்திருக்கிறது, பக்கத்து சீட்டில் மதுரைக்கார நண்பன், திரையில் 14 டிகிரி. கொடி அசைந்தது, கிளம்பிவிட்டோம்! ஆன்ட்ரெட்டி வளைவில் பிரேக்கை மிதித்து இடதுபக்கம் வளைந்து வளைந்து வெளியே வந்து மிதிக்கிறேன், 41, அடுத்தடுத்த வளைவுகளில் ஏறிக்கொண்டே போகிறது, 52, ஐந்தாவது வளைவைத் தாண்டி மேட்டில் ஏறுகிறோம், என்ஜின் 7000-ஐத் தாண்டிக் கதறுகிறது, மேட்டின் உச்சியில் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, கார்க்ஸ்க்ரூ! இடதுபக்கம் திருப்பியதும் தரை காலுக்கடியிலிருந்து காணாமல் போகிறது, ஐந்து மாடி உயரம் ஒரே மூச்சில் இறங்குகிறோம், வயிறு தொண்டைக்கு வருகிறது, 1996-இல் பந்தய வீரர் சனார்டி கடைசிச் சுற்றில் முந்திப்போனது இதே இடத்தில்தான் என்று உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, ரெய்னி வளைவில் சரிந்து இறங்கி, பத்தாவதையும் கடந்து, பதினொன்றாவது வளைவுக்கு வருகிறோம். அங்கேதான் எல்லாம்! மிக மெதுவான இடது வளைவு, உடல் வலதுபக்கம் சாய்கிறது, உட்பக்கத்து இடது பின்சக்கரம் லேசாகிறது, நான் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, அந்தச் சக்கரம் ஒரு நொடி வீணாகச் சுழல, உடனே உள்ளே சிலிகான் இறுக்கிப் பிடிக்கிறது, கார் நேராக நிமிர்ந்து நீள்பாதையில் பாய்கிறது, பாய்ந்த கொஞ்ச நேரத்தில் திரையில் எண் ஏறுகிறது! அந்தப் பிடியை இடுப்பில் உணர்ந்தேன், அதன் சூட்டைக் கண்ணால் பார்க்கிறேன், இரண்டும் ஒரே சங்கதி! சுற்றுக்குச் சுற்று 88, 103, 115. “மச்சான், ஏறுதுடா, ஏறுதுடா!” என்று நண்பன் மீட்டரைக் காட்டிக் கத்துகிறான், நானும் கத்துகிறேன், கண்ணாடி அதிர இரண்டு பேரும் கத்துகிறோம், 121, 125, 127!

127-இல்தான் அந்த வளைவில் வால் கொஞ்சம் தளர்ந்து வருவதை முதல்முறையாகக் காரணத்தோடு புரிந்துகொண்டேன். முன்பும் தளர்ந்திருக்கிறது, டயர் சூடு என்று நினைத்துக் காற்றைக் குறைத்துக்கொண்டிருப்பேன். இப்போது ஒரு சுற்றை மெதுவாக எடுத்தேன், கியரைக் கூட்டி, ஆக்ஸிலரேட்டரை நீவி நீவி ஓட்டினேன், 109-க்கு இறங்கியது, மறுபடி பதினொன்றில் மிதித்தேன், பிடி திரும்பிவிட்டது! கியர் ஆயில் டப்பாவில் 75டபிள்யூ-90 என்று இருக்கிறதல்லவா, அந்த 90 என்பது 100 டிகிரியில் அளக்கிற கெட்டித்தன்மை. அதற்குமேல் ஏற ஏற ஆயிலின் படலம் மெலியும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பார்கள். இதெல்லாம் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் 127 என்று கண்ணெதிரே எரியும்போதுதான் அது எனக்குள் இறங்கியது. ஆயிலை எப்போது மாற்றுவது என்பதைக்கூட இப்போது மைலேஜை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை, எத்தனை நிமிடம் 120-க்கு மேல் இருந்தது என்று குறித்துவைக்கிறேன்.

குறை கேட்பீர்கள். எண் கொஞ்சம் தாமதமாக வருகிறது, மணி பார்க்கக் கையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான், விடுங்கள்! சும்மா கடைக்குப் போகும்போதுகூடப் பார்க்கிறேன். நெடுஞ்சாலையில் அமைதியாக ஓட்டினால் 70-ஐ ஒட்டி நிற்கும், மலைப்பாதையில் ஏறினால் 90-ஐ எட்டும், மழையில் பின்மூடியில் தண்ணீர் தெறித்தால் சட்டென்று சரியும். ஒவ்வொரு சாலைக்கும் ஒரு எண்! எந்தச் சாலைக்கு எவ்வளவு என்று எனக்கு இப்போது மனப்பாடம், கேளுங்கள், சொல்கிறேன்.

அடுத்தது ஆயில் கூலர். ஒரு குட்டி பம்ப், பின் பம்பருக்குள் காற்று வாங்கும் இடத்தில் ஒரு ரேடியேட்டர், 110 டிகிரியைத் தொட்டதும் அதே மைக்ரோகன்ட்ரோலர் பம்பைத் தானாக ஓட்ட வேண்டும், 95-க்கு இறங்கியதும் நிறுத்த வேண்டும். ரிலே வாங்கிவிட்டேன், குழாய்களுக்கு அளவெடுத்துவிட்டேன். கியர்பாக்ஸுக்கும் இதே சென்சார் ஒன்று மேஜைமேல் காத்திருக்கிறது. மீதி இருப்பது வோல்ட் மீட்டரின் வட்டம்தானே, அதையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்!