பாஸ்தாவைக் குளிப்பாட்டாதீர்கள்!

விமர்சகர்கள் யாரும் தொடாத இலக்கியம் ஒன்று உண்டு. சமையல் பாக்கெட்டின் பின்பக்கம்! நாலே வரிதான். ஆனால், அதை வேதவாக்காக நம்பி எத்தனை அடுப்புகள் எரிகின்றன! அதில் ஒரு வரியோடு எனக்குத் தீராத சண்டை... ‘வெந்த பாஸ்தாவை வடிகட்டி, குளிர்ந்த நீரில் அலசவும்.’

குருபரப்பள்ளியில், தொழிற்பூங்கா வேலைக்காக வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் சமைப்பதை ஒரு ராத்திரி பக்கத்தில் நின்று பார்த்தேன். வெந்த பாஸ்தா வடிதட்டுக்குப் போனது. மேலே அரைக் குடம் தண்ணீர் தடதடவென இறங்கியது.

‘‘எதுக்குப்பா இந்த அபிஷேகம்?’’

‘‘அலசலைன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்ணா. பாக்கெட்லயே போட்டிருக்கான்!’’

போட்டிருக்கான்தான். போனால் என்னவெல்லாம் போகும் என்று போட்டிருக்கானா? அதுதான் என் புகார்.

கொதிநீரில் பாஸ்தாவின் மாவுச்சத்து ஊதிப் பெருத்து, கொஞ்சம் வெளியே கசிகிறது. அந்த வழவழப்புதான் பசை. அலசினால் அது போய்விடும், வாஸ்தவம். ஆனால், மசாலாவைப் பிடித்துவைக்கிற பசையும் அதேதான்! கழுவிவிட்ட பாஸ்தாவில் தக்காளித் தொக்கு தங்காது. வழுக்கிப் போய் தட்டின் ஓரத்தில் குளம் கட்டும். அப்புறம், ‘ருசியே இல்லப்பா’ என்று பாஸ்தாவைத் திட்டுவோம். இத்தாலிக்காரர்கள் அலசுவதில்லை. அந்தக் கலங்கிய தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துவைத்து, தொக்கிலேயே ஊற்றுகிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் தரகர் அது!

நமக்கு இது புதுசா என்ன? வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தவர்கள் நாம். 1918-ல் குன்னூரில் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர், பெரிபெரி நோயை ஆராய ஒரே ஓர் அறையில் ஆய்வகம் தொடங்கினார். பிற்பாடு அதுதான் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. தீட்டிய அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவி, கஞ்சியையும் கொட்டினால் பி-1 வைட்டமின் தண்ணீரோடு போய்விடும் என்பது அந்த ஆராய்ச்சிகள் சொன்ன பாடம். பாஸ்தாவில் இருக்கும் பி வைட்டமின்களும் தண்ணீரில் கரைகிறவைதான்.

அடுத்து, தண்ணீர்க் கணக்கு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அப்படிப்பட்ட சீமையில், ருசியைக் கழுவிவிடவா அரைக் குடம் தண்ணீர்?

அலசவே கூடாதா என்றால்... அலசலாம். ஆறவைத்துச் சாப்பிடுகிற சாலட்டுக்கு அலசத்தான் வேண்டும். சூடு தணியாவிட்டால் மேலும் வெந்து குழைந்துவிடும். அங்கே பசைக்கும் வேலை இல்லை. மற்றபடி ஒட்டுவதற்குக் காரணம், வெந்ததை வடித்துவிட்டு, அதற்கப்புறம் வெங்காயம் உரிக்க உட்காருவதுதான்! கொதிநீரில் எண்ணெய் விட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. அது மேலேயே மிதக்கும்.

பாக்கெட்காரர்களே, அந்த ஒரு வரியை இப்படி மாற்றுங்கள்... ‘முதலில் மசாலாவைத் தயாராக வைக்கவும். ஒரு நிமிடம் முன்பே பாஸ்தாவை இறக்கி வடித்து, சூட்டோடு மசாலாவில் புரட்டவும். அலச வேண்டாம்.’

இடம் பற்றாதா? பின்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தையின் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், போதும்!