பரணில் இருந்த சாட்சி

வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், பாட்டி வீட்டுக் கொட்டகையின் மேல் ஒரு பரண். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம். கூரை உயர்ந்திருந்த இடத்திலும் மூன்றடிதான். எசமானனின் பாலியல் துன்புறுத்தலுக்குத் தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ் 1835இல் அதற்குள் ஒளிந்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்கேதான் கிடந்தார். பலகையில் தானே போட்ட துளை வழியாகத் தன் பிள்ளைகளைப் பார்க்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

வடக்கே தப்பிச் சென்றபின் அந்த வாழ்க்கையைப் புனைபெயரில் எழுதி 1861இல் வெளியிட்டார். பிற்கால ஆய்வாளர் பலர் அதைப் புனைகதை என்றார்கள். பதிப்பித்த வெள்ளைக்காரப் பெண்மணியே எழுதியிருப்பார் என்றார்கள். ஆய்வாளர் ஜீன் ஃபேகன் யெல்லின் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து, எழுதியவர் ஜேக்கப்ஸ்தான் என்று 1980களில் நிறுவினார். தன் வாழ்க்கையைத் தானே எழுதினாள் என்று ஒரு பெண்ணை நம்புவதற்கு நூற்றிருபது ஆண்டுகள் ஆயின.

அடிமை ஒழிப்பு வரலாற்றை வாசிக்கும்போது இந்த நம்பாமை திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. 1781இல் 'சாங்' என்ற கப்பலிலிருந்து நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். இலண்டன் நீதிமன்றத்துக்கு அது கொலை வழக்காக வரவில்லை. சரக்குக் காப்பீட்டு வழக்காகவே வந்தது. அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கிரான்வில் ஷார்ப்பிடம் ஓடிச்சென்று செய்தி சொன்னவர் ஒலாடா ஈக்வியானோ. தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கியவர் அவர். 1789இல் தன்வரலாற்றை வெளியிட்டு, ஊர் ஊராகப் போய் விற்றார். ஆனாலும் வெகுகாலம் பாடநூல்களை நிறைத்திருந்தது நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸின் பெயர்தான்.

பிரிட்டனின் 1833ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டத்தை ஒரு நாட்டின் மனசாட்சி விழித்த கதையாக எழுதுபவர்கள் சாமுவேல் ஷார்ப்பைக் கடந்து போய்விடுகிறார்கள். ஜமைக்காவில் அடிமையாயிருந்த பாப்டிஸ்ட் போதகர் அவர். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும், கூலி தராமல் கரும்பு வெட்டமாட்டோம் என்று வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டினார். அது பெருங்கிளர்ச்சியாக மூண்டது. 1832 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு சட்டம் வந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு. அடிமைகளாயிருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. தொழில் பழகுநர் என்ற பெயரில் 1838 வரை அவர்களிடம் இலவச உழைப்பும் பிடுங்கப்பட்டது.

ஒழிப்பை வெள்ளையரின் மனசாட்சிக் கதையாகக் காணும் இந்தப் பார்வையைப் புரட்டிப்போட்டவர்களில் முதன்மையானவர்கள் இருவர், இருவருமே கறுப்பர்கள். டிரினிடாட்டில் பிறந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1938இல் ஹெய்ட்டி புரட்சியின் வரலாற்றை எழுதினார். ஹெய்ட்டியின் அன்றைய பெயரான சேன் டொமிங்கின் கரும்புத் தோட்டங்களில் 1791 ஆகஸ்டில் பற்றிய தீ, 1794 பிப்ரவரியில் பிரெஞ்சுப் பேரவையை அடிமைமுறை ஒழிப்புக்குத் தள்ளியது. அடிமையாகப் பிறந்து படைத்தலைவராக உயர்ந்த தூசேன் லூவெர்த்யூர், நெப்போலியனின் ஆட்களிடம் சிக்கி, 1803இல் ழூரா மலைச் சிறையில் குளிரிலும் நோயிலும் இறந்தார். அடுத்த ஆண்டின் முதல் நாளிலேயே அவருடைய தளபதி தெசலீன் விடுதலையை அறிவித்தார். ஜேம்ஸ் தூசேனின் பிழைகளை மறைக்கவில்லை: தன் மக்களிடம் மனம்விட்டுப் பேசாமல் பிரான்சை நம்பியதைக் கடுமையாகவே எடைபோடுகிறார். அந்த நேர்மைக்காகவே அந்நூல் இன்றும் நிற்கிறது.

இருவரில் மற்றவரான அமெரிக்கர் டு போய்ஸ் 1935இல் இன்னும் துணிச்சலான ஒன்றைச் சொன்னார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தோட்டங்களைவிட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறிய அடிமைகள் நடத்தியது ஒரு பொது வேலைநிறுத்தம் என்றார். ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் வடக்கின் படையில் போரிட்டார்கள். கொம்பாஹி ஆற்றில் 1863 ஜூனில் படகுகளுக்கு வழிகாட்டிச் சென்று எழுநூறுக்கும் மேற்பட்டோரை ஒரே இரவில் மீட்டவர் ஹாரியட் டப்மன், எழுதப் படிக்கத் தெரியாதவர். இந்தியாவில் பிறந்த மனிஷா சின்ஹா 2016இல் எழுதிய பெருநூல், ஒழிப்பியக்கத்தின் முழு நீளத்துக்கும் கறுப்பர்களையே நடுவில் வைக்கிறது. எழுத்தறியாத தலைவர்களின் வரலாற்றை எழுத இன்னும் நிறைய மிச்சமிருப்பதாகவே நினைக்கிறேன்.

போர் முடியும்முன்பே ஜேக்கப்ஸ், வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவுக்குப் போனார். தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே குடிசைகளில் கிடந்தார்கள். 1864இல் அவர்களுக்கென்று ஒரு பள்ளி திறந்தது. அதை யார் நடத்துவது என்ற கேள்வியில் வெள்ளையர் கைக்கு விடாமல் நின்றார் ஜேக்கப்ஸ். ஆசிரியையாக அமர்ந்தவர் லூயிசா. பரணின் துளை வழியாக ஜேக்கப்ஸ் பார்த்துக்கொண்டிருந்த மகள்.