ஜோடி என்னும் மயக்கம்

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வால்பாறையில் மாலை ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும். தேயிலைச் சரிவுகளும் எதிர்ப்புறத்து லைன் வீடுகளும் மூடுபனியில் மறைந்துபோக, வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பேச்சைத் தவிர வேறு போக்கிடம் இராது. அத்தகைய ஒரு மாலையில், வயதிலும் நாடக ரசனையிலும் எனக்கு மூத்தவரான நண்பர் ஒருவர், சென் கைகே இயக்கிய ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’ என்ற சீனப் படத்தைத் தம் வீட்டில் எங்கள் நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டினார். 1993-ஆம் ஆண்டுக் கான் விழாவில் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்ட படம் அது. சீன இசைநாடகக் குழு ஒன்றில் பிள்ளைப் பிராயத்திலேயே சேர்க்கப்பட்டு, ஒருவன் அரசனாகவும் மற்றவன் அவ்வரசனுக்காக உயிர்விடும் காதற்கிழத்தியாகவும் காலமெல்லாம் வேஷங்கட்டி, மேடையில் நடித்த பிரேமையை மேடையோடு விட்டுவர இயலாமல் அழிந்துபோகும் நடிகன் ஒருவனுடைய கதை. படம் முடிந்ததும் நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது சீனாக்காரன் கதையில்லீங்க, நம்ம கொடுமுடிக் கதை. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் நெசமாவே நேசிச்சாங்க, அதனாலதான் அந்தப் பாட்டு வந்துச்சு. அந்தம்மா வெள்ளைப் பொடவை கட்டி வாழ்ந்ததனாலதான் அந்தக் குரல்ல அத்தனை உருக்கம்” என்றார். நாடக மேடையில் ஜோடியாகப் பாடி மணந்துகொண்ட கிட்டப்பாவையும், அவர் மறைந்தபின் வெண்ணிற ஆடை தரித்த கொடுமுடி சுந்தராம்பாளையுந்தான் சொன்னார். கூடியிருந்தோர் ஆமோதித்தனர். நான் வாய்திறவாமல் இருந்துவிட்டேன். ஆனால் இந்த அபிப்பிராயத்தின்மீது எனக்குள்ள ஆட்சேபணை அந்த மாலையில் பிறந்ததன்று.

நண்பரின் ஒப்புமையில் நியாயம் இல்லாமலில்லை. சீனச் சிறுவர்கள் பிரம்படிக்கு நடுவே பாடம் பண்ணியதைக் காணும் எந்தத் தமிழனுக்கும் நமது பாய்ஸ் கம்பெனிகளின் ஞாபகம் வராமல் இராது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் காலத்திலிருந்து, பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கம்பெனியிலேயே உண்டு உறங்கி, ஆணாய்ப் பிறந்தும் ஸ்திரீபார்ட் கட்டி, மகரக்கட்டு உடைந்த அன்றே அதுவரை பெற்ற கைதட்டலையெல்லாம் இழந்து நின்ற வரலாற்றை, அவ்வை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படித்தவர் அறிவர். கிட்டப்பாவும் அவ்வுலகத்துப் பிள்ளையே. மேலும், நாடகக்காரியின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதையே தன் ஒழுக்கமாகக் கொண்டிருந்த ஒரு சமூகத்தில், கொடுமுடிக் கதை ஒரு நடிகையைக் கையெடுத்துக் கும்பிடத்தக்கவராக ஆக்கிற்று என்பதும் சிறிய காரியமன்று. அவருடைய துக்கம் மெய்யானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இவ்வளவும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஒப்பாதது, துக்கத்தைப் பாட்டின் காரணமாகக் காட்டும் வழக்கம். இவ்வழக்கம் முதலில் காலக்கணக்கிலேயே இடறுகிறது. கொடுமுடியில் 1908-இல் பிறந்த சுந்தராம்பாள், வறுமையால் சிறுமியாகவே பாடத் தொடங்கி, வேலு நாயர் கம்பெனியில் பாலபார்ட் கட்டி, கடல்கடந்து இலங்கையில் பெரும்புகழ் ஈட்டியது கிட்டப்பாவை அறிவதற்கு முன்னர். செங்கோட்டைக் கிட்டப்பா, கன்னையா கம்பெனியின் தசாவதாரத்திலேயே ஜனங்களைக் கிறங்கவைத்தது சுந்தராம்பாளை அறிவதற்கு முன்னர். இருவரும் தனித்தனியே பிரசித்தி பெற்றிருந்தமையாலன்றோ, இவ்விரு குரல்களையும் ஒரே மேடையில் நிறுத்தினால் கொட்டகை நிரம்பும் என்று இலங்கையில் நாடகம் நடத்தியவர்களுக்குத் தோன்றிற்று? அவ்வாறு சேர்ந்து பாடியவர்களிடையே அன்பு மலர்ந்து 1927-இல் மணமும் நடந்தது. பாட்டு காதலை ஈன்றதேயன்றிக் காதல் பாட்டை ஈனவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அவர்கள் இல்வாழ்வு ஆறாண்டு. அவருடைய கலைவாழ்வோ, அதற்கு முன்னும் பின்னுமாக அறுபதாண்டுக்குக் குறையாதது. அறுபதை ஆறினால் விளக்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

மெய்யான காதல் இல்லாமல் மேடைக்காதல் சிறக்காதா என்பதற்கு, இம்மலையிலேயே விடை கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், எஸ்டேட் ஒன்றின் மாரியம்மன் திருவிழாவில் வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம் வைத்திருந்தார்கள். ஸ்பெஷல் நாடகத்தின் வழக்கம் தமிழர் அறிந்ததே: கம்பெனி என்று ஒன்று கிடையாது, ராஜபார்ட் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியமும் மற்றும் ஓரூரிலிருந்தும் அன்றைக்கென்று பேசி வரவழைக்கப்படுவர், ஒத்திகை இல்லை, சுவாமிகள் வகுத்த கதைப்போக்கும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடமாதலால் மேடையிலேயே ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வர். அன்று வேலனாக வந்தவரும் வள்ளியாக வந்தவரும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, அந்திநேரத்தில் வெவ்வேறு பஸ்களில் வந்து இறங்கியதை நானே பார்த்தேன். நள்ளிரவுக்கு மேல், சால்வையையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்த கொழுந்தெடுக்கும் பெண்கள், அவ்விருவருடைய தர்க்கத்தில் சிரித்துச் சிரித்துப் பின்பு, விருத்தன் வேஷத்தில் வந்த வேலனிடம் வள்ளி ஏமாறப்போகும் தருணத்தில் ஒரே மூச்சாக அடங்கிப்போனார்கள். விடிந்ததும் வள்ளி முகத்து அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயால் துடைத்துவிட்டு, சம்பளப் பணத்தை எண்ணி முடிந்துகொண்டு, வேலனிடம் சொல்லிக்கொள்ளாமலே முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்த இரவில் பொய் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் ரஸிகர்கள் இதை ஒப்ப மறுப்பதற்குக் காரணம் என்னவென்று யோசிக்கின், அது கலையைப் பற்றிய காரணமாக இல்லை. நடிகையைப் பத்தினியாகக் காண வேண்டும் என்ற நமது ஆசையே காரணம். சுந்தராம்பாள் கொட்டகையை ஆண்ட காலத்தில் அவரைப் பற்றி எத்தனை விதமாகப் பேசினோமோ, அத்தனையும் அவர் வெண்ணிற ஆடை தரித்து விபூதி அணிந்த அன்று நின்றது. குரலுக்குக் கொடுக்க மறுத்த மரியாதையை விதவைக் கோலத்துக்குக் கொடுத்தோம். கொடுத்தபின், அம்மரியாதைக்குப் பழுது வராதபடி கதையையும் திருத்திக்கொண்டோம். கிட்டப்பாவுக்கு முன்னரே ஓர் இல்லம் இருந்தது என்பதும், அவ்வில்லத்தில் ஒரு பெண் இருந்தாள் என்பதும், அவளுடைய துக்கமும் துக்கமே என்பதும் கதையில் அடிக்குறிப்பாகக்கூட நிற்பதில்லை. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சாகி நெடுங்காலம் ஆயிற்று. அவற்றில் பேசுகிறவள் தெய்விகக் காதலி அல்லள். புறக்கணிப்பைக் கண்டு பொருமி, நியாயம் கேட்டு, மானத்தோடு வாதாடும் ஒரு மனுஷி. அம்மனுஷியைக் காவியத்தில் வைக்க இடம் போதாமையால் அவளை வெளியே நிறுத்திவிட்டு, அவள் புடவையை மட்டும் எடுத்துப் பூஜையில் வைத்திருக்கிறோம்.

இதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. என் ஆட்சேபணையின் மையம் அதுவே. இனி எந்த ஆடவரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் பூண்ட விரதத்தை நாம் சோகத்தின் சிகரமாக மட்டுமே வாசிக்கிறோம். அதற்குப்பின் அவர் ஏற்ற வேஷங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போர் எத்தனை பேர்? 1935-இல் ஒரு லட்ச ரூபாய் ஊதியத்தில், அந்நாளில் எவரும் கேட்டறியாத தொகையில், ‘நந்தனா’ராக வந்தார்; அதாவது ஆண்வேஷம் கட்டினார். 1940-இல் துறவு பூண்ட மணிமேகலை. 1953-இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’. 1964-இல் ‘பூம்புகா’ரில் சமணத் துறவியாகிய கவுந்தியடிகள். 1965-இல் ‘திருவிளையாட’லில் மறுபடியும் ஔவை. நமது நாடக மேடையும் திரைப்படமும் ஒரு பெண்ணுக்கு அளித்திருந்த இடம், ஓர் ஆணுக்கு எதிரே நிற்கும் இடம் ஒன்றே. அவனோடு ஊடவோ, அவனுக்காக ஏங்கவோ, அவன் பொருட்டு அழவோ அல்லாமல் அவளுக்குப் பாட்டு இல்லை. ஸ்திரீபார்ட் என்ற சொல்லின் பொருளே அதுதான். அந்த இடத்தைக் காலிசெய்துவிட்டு, காதலனோ கணவனோ எதிரில் இல்லாமல், ஆண்டவனையும் அரசனையும் நேருக்குநேர் பார்த்துப் பாடும் ஒரு கதாபாத்திரத்தைத் தமிழ்மேடைக்கு உண்டாக்கித் தந்தவர் சுந்தராம்பாள். முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு நடிகை, ஜோடி வியாபாரத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு தனியாக நின்றே கொட்டகையை நிரப்பியது கலைத்துறையில் ஒரு புரட்சி. 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது ‘துணைவன்’ படத்துக்காக அவருக்குக் கிடைத்தபோது, அவர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய குரலுக்கு எதிரே எந்த ராஜபார்ட்டும் நிற்கவில்லை. நாமோ, அந்தத் தீர்மானத்தை அறிவின் செயலாகக் கருதாமல் உடைந்த நெஞ்சின் செயலாகவே கொண்டாடி, அவருடைய தலைசிறந்த கலைச்சாதனையை ஒரு துக்க அனுஷ்டானமாகக் குறுக்கிவிட்டோம். துக்கமே அத்தீர்மானத்துக்குத் தூண்டுதலாய் இருந்திருக்கலாம். தூண்டியதைத் தொழுதுவிட்டு, விளைந்ததைப் பாராமல் போவது ரசனையாகாது.

சீனப் படத்தின் குறையும் இதுவே. லிலியன் லீயின் நாவலில், பெண்வேஷக்காரனாகிய செங் தியேயி இறப்பதில்லை. அந்திமக் காலத்தில் ஹாங்காங்கில் தன் பழைய அரசனைச் சந்தித்துப் பிரிகிறான். படமோ, அவனை மேடைக் காதற்கிழத்தியின் வாளாலேயே மாய்க்கிறது. அப்படி மாய்ந்தாலொழிய அவன் மெய்யான கலைஞன் என்று நாம் நம்பமாட்டோம் என்பதுபோல. அந்தக் காதற்கிழத்தி வேஷத்தை 1922-இல் யாங் ஷியாவோலோவுக்கு எதிரே முதன்முதலாகப் புகழ்பெறச் செய்த மேய் லான்ஃபாங்கோ, ஆயிரம் முறை மேடையில் கழுத்தறுத்துக்கொண்டு, ஆயிரம் முறையும் எழுந்து வீட்டுக்குப் போனவர். மனைவி மக்களோடு வாழ்ந்தவர். ஜப்பானியர் ஆதிக்கத்தின்போது பெண்வேஷம் கட்டமாட்டேன் என்பதற்கு அடையாளமாக மீசை வளர்த்துக்கொண்டவர். கலைஞனுடைய பெருமை வேஷத்தை உயிரெனக் கொள்வதில் இருப்பதைக் காட்டிலும், வேண்டும்போது அதைக் கழற்றி வைக்கத் தெரிந்திருப்பதில் அதிகம் இருக்கிறது. மேய் லான்ஃபாங் மீசையால் கழற்றி வைத்தார். நம் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவையால் கழற்றி வைத்தார்.

இவற்றையெல்லாம் மறுவாரம் நண்பரிடம் சொன்னேன். “நீங்க சொல்றது எல்லாம் சரிங்க, ஆனா மனசு கேக்க மாட்டேங்குதே” என்று சொல்லிவிட்டு, பழைய இசைத்தட்டிலிருந்து பதிவு செய்துவைத்திருந்த கிட்டப்பாவின் பாட்டொன்றைப் போட்டார். ஊசியின் கரகரப்புக்கு மேலே அந்தக் குரல் எழுந்து, இதற்குமேல் ஏது என்று நாம் நினைத்த இடத்துக்கும் மேலே போய் நின்றது. அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அவருடைய மகள்வயிற்றுப் பேரன், பென்சிலோடு வாசற்படியில் வந்து நின்று, “பாடறது ஆம்பளைங்களா பொம்பளைங்களா, அப்புச்சி?” என்று கேட்டான். நண்பர் மகிழ்ந்துபோய், செங்கோட்டையில் தொடங்கிக் கொடுமுடி வரையில் அந்தக் காதல் கதையை ஆரம்பித்தார். பையன் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். தட்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கதை இன்னும் இலங்கையைக்கூட எட்டவில்லை.

“அப்புச்சி, அதை இன்னொருக்காப் போடுங்க” என்றான்.