மனைக்கோழியும் வெருகும்

முல்லை நிலத்துப் புள் யாது என வினவின், கானக்கோழி என விடை கூறுதல் தமிழ் பயில்வார் அனைவர்க்கும் எளிது. உரையாசிரியர்களும் நாற்கவிராச நம்பியும் காட்டிய கருப்பொருட் பகுப்பு அவ்வாறே அமைந்துள்ளது. மனைக்கோழிக்கு உரிய நிலம் யாது என வினவின், அப்பகுப்பு விடை தருவதில்லை. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், மருதத்திற்கு நாரையும் மகன்றிலும், நெய்தற்குக் கடற்காகமும் சொல்லப்பட்டன. உழவர் முற்றத்திலும் பட்டினத்து மகளிர் முற்றத்திலும் நாள்தோறும் மேயும் கோழி மட்டும் எந்நிலத்துக்கும் உரியதாகச் சொல்லப்படவில்லை.

இவ்விடுபாட்டை இலக்கணத்தின் குறையாகக் கருதுதல் வேண்டா. மனைக்கோழிக்கு நிலம் இல்லை; மனையே உண்டு. குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் 'மனையுறை கோழி' என ஒரே அடைமொழி பெற்று அது வருதல் இதனை வலியுறுத்தும். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்து வரின், வந்த நிலத்தின் பயனையே தரும் என்பது தொல்காப்பியர் கருத்து. எந்நிலத்தும் மனை உண்டாதலின், மனைக்கோழி எந்நிலத்தும் வரும்; வந்தவிடத்து மனையின் பயனைத் தரும். இவ்வேறுபாட்டை நோக்காது, இருவகைக் கோழியையும் 'கோழி' என்னும் ஒரு தலைப்பின்கீழ் அடக்கி, முல்லைக்கு இத்துணை, மருதத்திற்கு இத்துணை எனக் கணக்கிடும் ஆய்வுகளால் பாட்டின் பொருள் விளங்காது. சில இடங்களில் அது மறைந்தும் போகும். குறுந்தொகை 139ஆம் பாட்டு அத்தகைய இடங்களுள் ஒன்று.

அப்பாட்டைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். பரத்தையிற் பிரிந்து மீண்டு, வாயில் வேண்டி நிற்கும் தலைமகனைத் தோழி மறுக்கின்றாள். மாலைப் பொழுதில் வேலியருகே வெருகு வந்தது கண்டு, குறுகிய காலையுடைய மனைக்கோழிப் பேடை புகுமிடம் அறியாது கலங்கி, துயருற்ற தன் குஞ்சுகளை ஒருங்கு கூடுமாறு அழைக்கின்றது. அவ்வழைப்பைப் போல இன்னாததாய் ஒலிக்கும் அம்பலோடு எம் தெருவிற்கு வாராதே என்பது தோழியின் கூற்று. நெல் இல்லை, பொய்கை இல்லை, எருமை இல்லை. ஊடலாகிய உரிப்பொருளை நீக்கிவிட்டால் மருதத்தின் அடையாளம் ஒன்றும் இப்பாட்டில் எஞ்சாது. ஒரு வேலி, ஒரு வெருகு, ஒரு பேடை, சில குஞ்சுகள் ஆகிய இவையே உள்ளன.

இவ்வுவமையை ஒலியளவில் நிறுத்திக்கொள்ளுதல் எளிது. கோழியின் கூக்குரல் போன்றது ஊரார் பழிச்சொல்லின் ஆரவாரம் எனக் கூறி அமைந்துவிடலாம். ஆயின் ஆரவாரம் ஒன்றே கருத்தாயின் காக்கையும் போதுமே; குஞ்சும் வெருகும் எதற்கு? புலவர் கோழி கூவிற்று என்று கூறினாரல்லர். தன் கிளையைப் பயிர்ந்தது என்றார். பயிர்தலாவது, விலங்கும் புள்ளும் தம் துணையையோ பிள்ளையையோ தம்மிடம் வருமாறு அழைத்தல். மனையிற் கோழி வளர்த்தோர் இதனை நன்கு அறிவர். வானில் பருந்து தோன்றியவிடத்துக் கோழி இடும் மெல்லிய நீண்ட குரல் வேறு. நிலத்தில் பகை கண்டவிடத்து இடைவிடாது கொக்கரிக்கும் குரல் வேறு. குஞ்சுகளைத் தன்னருகே கூட்டும் தாழ்ந்த குரல் வேறு. உயிர்நூலாரும் இவற்றைத் தனித்தனிக் குரல்களாகவே பிரித்துரைப்பர். புலவர் தேர்ந்துகொண்ட சொல் கூட்டும் குரலைக் குறிப்பது.

எனவே, அம்பல் என்பது ஈண்டு பகைவரின் பழியுரை அன்று என யாம் கொள்கின்றோம். அகப்பாட்டுகளில் அம்பலும் அலரும் தலைமகளைத் துன்புறுத்துவனவாகவே பெரிதும் வரும். இவ்வொரு பாட்டில் மட்டும் அது தாய்க்கோழியின் குரலோடு ஒப்பிடப்படுகின்றது. தலைமகனைத் தெருவிற் கண்ட அளவில் பெண்டிர் வாய்க்குள் முணுமுணுக்கின்றனர். தம்மவரைத் தம்மருகே அழைத்துக்கொள்கின்றனர். 'இன்னாது' என்ற அடை இக்கருத்துக்குத் தடையாகாதோ எனின், ஆகாது. யாவர்க்கு இன்னாதது என்பதே வினா. குஞ்சுக்கு அக்குரல் புகலிடம். வேலியோரத்து நிற்பதற்கே அது இன்னாதது.

வேலியோரத்து நிற்பது யாது என்பதைத் தோழி வெளிப்படக் கூறவில்லை. ஒலிக்கு உவமை கூறினாள். அவ்வொலிக்குக் காரணமாகிய வெருகுக்கு ஒப்பாவான் யார் என்பதைக் கேட்பவன் உய்த்துணருமாறு விட்டாள். உவம உருபு வெளிப்பட நிற்றலின் இதனை உள்ளுறை என்று பெயரிட இலக்கணம் இடந்தராது. ஆயினும் வெளிப்பட்ட உவமையின் நிழலில் மற்றோர் ஒப்புமை மறைந்து நின்று உள்ளுறையின் தொழிலைச் செய்கின்றது. தலைவனை வெருகு என்று முகத்துக்கு நேரே சொல்ல இயலாது. ஆதலின் ஐய என விளித்து, வாழ்த்தும் கூறி, வாராதே என்று முடிக்கின்றாள். வாழ்த்து மிக மிகக் கடுமையும் மிகுகின்றது.

இக்கருத்துக்கு அரணாக இப்புலவரின் வேறொரு பாட்டையும் நோக்கலாம். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டுகள் ஐந்து உள்ளன. அவற்றுள் 220ஆம் பாட்டில் முல்லையின் சிறுமுகைக்கு வெருகின் சிரிப்பு உவமையாகின்றது. மழைக்குப் பின்னர் முல்லை பூத்த மாலையிலும் பொருள்வயிற் பிரிந்தோர் வந்திலர் என்பது அதன் கருத்து. முல்லை முகையை வெருகின் பல்லோடு ஒப்பிடுதல் கபிலரிடத்தும் உண்டு. புறநானூறு 117ஆம் பாட்டிற் காணலாம். ஆனால் மாலையும் வெருகும் ஆடவனும் ஆகிய மூன்றையும் இருமுறை இணைத்தவர் மாசாத்தியாரே. ஒரு பாட்டில் வரவேண்டியவன் வந்திலன். வெருகு பூவாகிச் சிரிக்கின்றது. மற்றொன்றில் வரவேண்டாதவன் வந்தான். வெருகு வெருகாகவே வேலியில் நிற்கின்றது.

பேடையும் வெருகும் எதிர்ப்படும் மற்றொரு காட்சி புறநானூறு 326ஆம் பாட்டில் உள்ளது. பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். துறை மூதின் முல்லை. புறநானூற்றுப் பழைய உரை 266 பாட்டோடு நின்றுவிடுதலின் இப்பாட்டுக்குப் பழைய உரை இல்லை. ஊரின் பழைய வேலியில் இரை தேடும் வெருகை இருளில் அஞ்சி, இளம் பேடை உயிர் நடுங்கி அரற்றுகின்றது. அவ்வேளையில் பருத்தி நூற்கும் பெண்ணொருத்தி, பருத்தியிற் கலந்த செற்றையைப் புடைத்து நீக்குதற்கு எழுகின்றாள். அவள் ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில், முருக்கம்பூப் போன்ற கொண்டையையுடைய சேவலைக் கண்டு பேடை அச்சம் தணிகின்றது.

இச்சிறு காட்சியின் அமைதி வியக்கத்தக்கது. கோழிக்கு இருளில் கண் நன்கு தெரியாது. தன் இனத்தின் ஒன்றையொன்று முகத்தாலும் கொண்டையாலும் அறிவது அதன் இயல்பு. ஆகவே அணைந்திருந்த சேவல் இருளில் இருந்தும் இல்லாததாகவே இருந்தது; ஒளி வந்தபின்னரே துணையாயிற்று. கொண்டையைப் பூவோடு ஒப்பிடுதல் வெற்றணி போலத் தோன்றும். ஆயின் பேடைக்கு அவ்வொளியிற் புலப்பட வேண்டுவது அச்செந்நிறமே. இன்னொன்றும் கருதற்பாலது: அப்பெண் கோழியைக் காத்தற்கு எழுந்தாளல்லள், தன் தொழிலுக்கு எழுந்தாள். இரவிலும் ஓயாத அவளுடைய உழைப்பின் வெளிச்சமே பேடைக்குப் புகலாயிற்று. இதனைப் புலவர் விரித்துச் சொல்லவில்லை, சொல்லாமையே நன்று.

அப்பாட்டு அதனோடு நிற்கவில்லை. அவ்வூர் வேட்டுவச் சிறுவர் தொலைவு செல்லாது, அண்மையிலேயே பிடித்த உடும்பின் நிணம் கலந்த தயிர்ச்சோற்றை, அம்மனைக்குரியவள் பாணர்க்கும் பிற விருந்தினர்க்கும் ஊட்டுகின்றாள். வேலிக்கு வெளியே நிற்கும் வெருகுக்குப் பேடை இரை. வேலிக்கு உள்ளே வாழ்வார்க்கு உடும்பு இரை. மனையறத்தின் சிறப்பைக் கூறும் பாட்டில், அம்மனையைச் சூழ்ந்த உயிர்களின் அச்சத்தையும் மறைக்காது வைத்த பொற்கொல்லனாரின் நேர்மையை யாம் போற்றுகின்றோம்.

வெருகைப் பகையெனக் கருதாது வரவேற்கும் குரலும் குறுந்தொகையில் உண்டு. 107ஆம் பாட்டில் மதுரைக் கண்ணனாரின் தலைவி, கணவனோடு துயிலும் இன்பத்தைக் கலைத்த சேவலை, நள்ளிரவில் இல்லெலியைப் பார்த்திருக்கும் வெருகுக் குட்டிக்கு வைத்துண்ணும் இரையாகுக எனச் சபிக்கின்றாள். ஒரேயடியாகச் சாதலும் அவளுக்குப் போதவில்லை போலும்! அள்ளூர் நன்முல்லையாரின் புகழ்பெற்ற 157ஆம் பாட்டிலும் விடியலை அறிவிப்பது கோழியின் குரலே. இவ்விரண்டையும் பலரும் விரித்து எழுதியுள்ளமையின் யாம் மேற்செல்கின்றோம். பேடை வரின் இடம் அஞ்சப்படும். சேவல் வரின் பொழுது அஞ்சப்படும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வது தகும்.

பகை இல்லாத முற்றத்தைக் காட்ட வேண்டியவிடத்தும் கோழியே பயன்பட்டது. பட்டினப்பாலையில், உலர வைத்த உணவைக் கவரும் கோழியை ஓட்ட மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அது வழியிற் கிடந்து, சிறுவர் குதிரையின்றி உருட்டும் மூன்றுருளைச் சிறுதேரைத் தடுக்கின்றது. இதனையன்றி வேறு பகை அவ்வூரார் அறியார் என்கின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பொன்னின் மிகுதியைக் காட்டும் உயர்வு நவிற்சியாகவே இதனைப் பாராட்டுவர். யாம் அவ்வணியைவிட அமைதியையே பெரிதாகக் கருதுகின்றோம். கோழியால் நேரும் தொல்லையே ஓர் ஊரின் பெருந்தொல்லை எனின், அவ்வூரின் காவலுக்கு வேறு சான்று வேண்டா. இப்புலவரே பெரும்பாணாற்றுப்படையில், உழவர் பேரூரில் பாணர் பெறும் விருந்தாக மனைவாழ் பேடையின் வாட்டிய இறைச்சியைக் கூறினார். அந்தணர் உறைபதியைக் கூறுமிடத்துக் கோழியும் நாயும் அணுகாமையை அதன் அடையாளமாக்கினார். உழவர் மனையைக் கோழியால் அறிகின்றோம். அந்தணர் மனையைக் கோழி இன்மையால் அறிகின்றோம்.

பட்டினப்பாலை முற்றத்துக்கு நேர் எதிரான முற்றம் வீரை வெளியனாரின் புறநானூறு 320ஆம் பாட்டில் உள்ளது. வேட்டுவன் துயில்கின்றான், பார்வை விலங்காகக் கட்டிய பெண்மானோடு காட்டுக் கலைமான் கூடியுள்ளது. இவ்விரண்டையும் கலைத்தலை அஞ்சி இல்லாள் அசையாதிருக்கின்றாள். அவள் நடமாட்டம் இன்மையின், மான்தோலில் உலரும் தினையைக் கானக்கோழியும் இதலும் ஆரவாரத்தோடு கவர்ந்து உண்கின்றன. பட்டினத்தில் பொன் எறிந்து ஓட்டப்பட்டது மனைக்கோழி. ஈண்டு ஓட்டாமலே விடப்பட்டது கானக்கோழி. இழந்தது ஒருவேளை உணவு; காத்தது இரண்டு உறக்கம் போன்ற அமைதி. வேலி என்பது அவ்வீட்டிற்கு இல்லாததுபோல் ஆகிவிட்டது.

பொருநராற்றுப்படையோ இரு கோழிகளையும் இடம் மாற்றி வைக்கின்றது: கானக்கோழி நெற்கதிரைக் குத்த, மனைக்கோழி தினையைக் கவர்கின்றது. திணைமயக்கத்துக்கு இதனை எடுத்துக்காட்டுவார், மயங்குதற்கு முன்னர் அவை வேறாக இருந்தன என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். அவ்வேறுபாடு கூற்றிலும் புலப்படுகின்றது. நற்றிணை 21ஆம் பாட்டில், ஈரமணலைக் கிளறி இரை கண்ட கானச்சேவல் தன் பேடையை நோக்கும் பெருமித நிலையைத் தேர்ப்பாகனுக்குக் காட்டுபவன் வினைமுடித்து மீளும் தலைவன். குறுந்தொகை 242இல் கானச்சேவலைக் கூறுபவள் செவிலியே ஆயினும், அவள் சொல்லவருவதும் தலைவனின் தேர் மீளும் திறமே. கானக்கோழி ஆடவன் மீண்டு வரும் வழியில் நிற்கின்றது. மனைக்கோழி அவனுக்காகக் கதவு திறத்தலும் அடைத்தலும் நிகழும் இடத்தில் நிற்கின்றது.

எஞ்சியது குப்பைக்கோழி. குறுந்தொகை 305ஆம் பாட்டின் புலவர்க்கு இயற்பெயர் மறைந்து, அவர் கூறிய உவமையே பெயராயிற்று. புறப்பொருள் வெண்பாமாலை கூறும் கோழி வென்றியில் போரைக் காண்பாரும் வெற்றியைப் பாராட்டுவாரும் உளர். குப்பையிற் பொருதும் கோழிகளை ஏவுவாரும் இல்லை. இடைபுகுந்து விலக்குவாரும் இல்லை. அது தானே ஓய்ந்தால் ஓயும். தன் காமநோயைத் தலைவி அதனோடு ஒப்பிடுகின்றாள். வெருகை அஞ்சிய பேடைக்கு ஒரு விளக்கேனும் கிடைத்தது. உணவு கவர்ந்த கோழிக்கு ஒரு காதணியேனும் எறியப்பட்டது. மனையின் பின்புறத்துக் குப்பைமேட்டில் நிகழும் இப்போரை, அடுக்களை வாயிலினின்று ஒருத்தி பார்த்திருத்தல் வேண்டும். பார்த்து, விலக்காது நின்றிருத்தல் வேண்டும்.