ஐந்து நிமிட ஓய்வு யாருக்கு?

தொலைமருத்துவத்தைப் புகழ்கிறவர்கள் தூரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கிராமத்துக்கும் மருத்துவருக்கும் இடையிலான தூரம், பேருந்துச் செலவு, இழந்துபோகும் ஒரு நாள் கூலி. அந்தத் தூரம் உண்மைதான். பிரஷர் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு, அரை நாள் வரிசையில் நிற்காமல் மருத்துவரிடம் பேச முடிவது பெரிய நிம்மதி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கைப்பேசிக்கும் இடையில் இன்னொரு தூரம் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்சுதான் குறைவு.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில், தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்தவர்கள் சுமார் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர். ஆண்களில் 57 சதவீதம். அதே ஆய்வில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 21 சதவீதத்தினருக்கு இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது அல்லது அதற்காக மாத்திரை எடுத்து வந்தார்கள். ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய். ஆனால் அவள் மருத்துவரை எட்டும் கருவி பல வீடுகளில் கணவனின் சட்டைப் பையிலோ மகனின் கையிலோ இருக்கிறது.

2020 மார்ச் 25ஆம் தேதி, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய நாளில், தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. அடுத்த மாதமே இ-சஞ்சீவனியின் வெளிநோயாளர் சேவை வந்தது. அந்த நெறிமுறைகளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் நின்றேன். நோயாளியே அழைத்தால் அவர் சம்மதித்துவிட்டார் என்று கொள்ளலாம் என்கிறது ஓரிடம். நோயாளியின் சார்பில் பராமரிப்பாளர் பேசுவதற்கு நிபந்தனைகளோடு இடம் தருகிறது இன்னோரிடம். குழந்தைகளுக்கும் பேச இயலாதவர்களுக்கும் இது தேவையான ஏற்பாடு. ஆனால் ‘பராமரிப்பாளர்’ என்ற சொல்லை நம் வீடுகளில் வைத்துப் பாருங்கள். மாமியாருக்குக் கஞ்சி, பிள்ளைக்கு மருந்து, கணவனுக்குப் பத்தியச் சோறு என்று எல்லோரையும் பராமரிப்பவள் அவள். அவளுக்கு நோய் வந்ததும், கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ அவர் பராமரிப்பாளர் ஆகிவிடுகிறார். “அம்மாவுக்குத் தலைசுத்துதுன்னு சொல்றாங்க டாக்டர்” என்று மகன் சொல்ல, அம்மா பின்னால் நின்று தலையாட்டுகிறாள்.

இதனால் மருத்துவத்துக்கே நட்டம் உண்டு. கர்ப்பகாலத்தில் பிரஷர் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் அது நிலையாக வரும் வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சிலருக்கு அழுத்தத்தைக் கூட்டும். எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக் கேடு செய்பவை. கொடுக்கும் முன் கேட்டாக வேண்டும். நீர் பிரியச் செய்யும் மாத்திரை எழுதினால், வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இல்லையென்றால் அவள் அதைக் காலையில் விழுங்க மாட்டாள். வீட்டில் அடி விழுகிறதா, இரவில் தூக்கம் உண்டா என்பதும் கேட்க வேண்டியதே. ஒலிபெருக்கி போட்ட கைப்பேசியில், வீட்டார் சூழ நிற்கும்போது இதில் எந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரும்? மருத்துவர் கேட்காமலே விடுகிறார். அழைப்பு சீக்கிரம் முடிகிறது; மாத்திரையின் அளவு மட்டும் கூடுகிறது.

வீட்டிலேயே அழுத்தம் அளக்கும் முறையையும் பார்ப்போம். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காப்பி, தேநீர் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் இப்படி. விதிகள் சரியானவை. ஆனால் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எந்த வீட்டில் எந்தப் பெண் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்? குக்கர் விசில் எண்ணிக்கொண்டே, இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே தள்ளிவிட்டு எடுத்த எண்ணை நம்பி மருத்துவர் முடிவு செய்கிறார். இந்த அளவுமுறை மனதில் வைத்திருக்கும் நோயாளி, வீட்டுக்கு ஓய்வெடுக்கத் திரும்புகிறவர். பெண்ணுக்கு வீடுதான் வேலையிடம்.

கருவி மட்டும் போதாது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 778 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 31 சதவீதத்தினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வீட்டில் அளக்கும் கருவியும் இணையத் தொடர்பு வசதியும் பெற்றவர்களில் 36 சதவீதம். அவற்றோடு, இணையவழி ஒரு மருந்தாளுநரும் விடாமல் தொடர்ந்து கவனித்தவர்களில் 56 சதவீதம். கருவி தந்தபோது கூடியது கொஞ்சம். ஆள் சேர்ந்தபோதுதான் பெரிய மாற்றம்.

தமிழ்நாட்டில் அந்த ஆள் யார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து வருபவர்கள் பெண் தன்னார்வலர்கள். சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். வாசலில் நின்று, “மாத்திரை போட்டியாக்கா, ஏன் மிச்சம் இருக்கு?” என்று கேட்க அவர்களால் முடிகிறது. ஆனால் அவர்களுக்குத் தருவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. பெண்ணின் வேலை என்றால் பெயரிலேயே விலை குறைந்துவிடுகிறது.

தொலைமருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வீட்டுக்குள் வந்து முடிய வேண்டாம் என்கிறேன். இ-சஞ்சீவனியிலேயே இதற்கு வழி இருக்கிறது: ஊரிலுள்ள சுகாதார நிலையத்துக்கு நடந்துபோய், அங்குள்ள பணியாளரின் துணையோடு தொலைவிலுள்ள மருத்துவரிடம் பேசுவது. அந்த வழியைப் பலப்படுத்தட்டும். அங்கே கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். “இப்போது தனியாகத்தான் இருக்கிறீர்களா, தாராளமாகப் பேச முடியுமா?” என்பது மருத்துவரின் முதல் கேள்வியாக நெறிமுறையிலேயே எழுதப்பட வேண்டும். தன்னார்வலர்களுக்கு ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும். சுவரில் சாய்ந்து, யாரும் கூப்பிடாத ஐந்து நிமிடம் உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும்.